முள்ளின் சாட்சி

அளப்பது என்று சொன்னால் நமக்கு உடனே நினைவுக்கு வருகிறவை மரக்காலும் தராசும் முழக்கோலும்தான். நெல்லை அளக்கிறோம். கடைக்காரர் துணியை அளந்து கிழிக்கிறார். இவற்றிலெல்லாம் ஒரு சௌகரியம் உண்டு. அளக்கப்படுகிற பொருளுக்குத் தான் அளக்கப்படுவதே தெரியாது. அளந்த பிறகும் நெல் நெல்லாகவே இருக்கிறது. அளந்தவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடலாம்.

மின்சார ஓட்டத்தை அளப்பது அப்படிப்பட்ட காரியமல்ல. காவேரிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வாய்க்காலில் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் கரையில் நின்றபடி ஒரு கோலை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று உள்ளபடி அறிய வேண்டுமானால், வாய்க்காலைக் குறுக்கே வெட்டி, நடுவில் ஒரு மடையை வைத்து, வருகிற நீர் அத்தனையும் அதன் வழியாகவே போகும்படி செய்ய வேண்டும். மின்சாரத்தில் வோல்ட் என்பது நீரின் உயரம் மாதிரி. அதைக் கரையில் நின்றே பார்க்கலாம். ஆம்பியர் என்பது ஓட்டம். அதற்குக் கம்பியை அறுத்து, மீட்டரையே ஓட்டத்தின் நடுவில் நிறுத்த வேண்டும்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று நேயர்கள் ஆச்சரியப்படலாம். கும்பகோணத்தில் என் பெரியம்மா வீட்டு ரேடியோவை முன்னிட்டு வந்தது. அதைக் கொடுத்தவர் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்.

பெரியப்பா ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். 1963ஆம் வருஷம், சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்த ரேடியோவை வாங்கினாராம். தேக்குப் பலகை போல மெருகேற்றிய பெட்டி. முன்புறம் தங்க இழை ஓடிய துணி. கீழே தந்த நிறத்தில் பியானோக் கட்டைகள். கண்ணாடித் தட்டில் டில்லி, சிலோன், லண்டன் என்று ஊர்ப் பெயர்கள். ஸ்விட்சைப் போட்டு அரை நிமிஷம் கழித்துத்தான் பேசும். அதற்குள் பச்சைக் கண் ஒன்று மெல்ல மலரும். அந்தப் பச்சைக் கண்ணைப் பார்ப்பதற்கென்றே தெருக் குழந்தைகள் திண்ணையில் கூடிய காலம் உண்டு என்று பெரியம்மா சொல்வாள். தபாலாபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டிய காலம் அது. பெரியப்பா அதை வீட்டு வரி கட்டுவதைவிடப் பக்தியோடு கட்டி வந்தாராம்.

அந்தப் பெட்டியை அவரைத் தவிர வேறு யாரும் தொட்டது கிடையாது. சட்டம் ஒன்றும் இல்லை, பழக்கம்தான். சாயங்காலம் செய்திக்கு அவர் போடுவார், இரவு அவரே நிறுத்துவார். கேட்பது எல்லோர் பங்கு, திருகுவது அவர் பங்கு. 2021இல் அவர் காலமானார். பெட்டியின் மேல் பெரியம்மா தன் கையால் பூத்தையல் போட்ட உறையை மூடி வைத்துவிட்டாள். வருஷம் திரும்பிய பிறகு ஒரு நாள், தனி வீட்டின் மௌனம் பொறுக்காமல், அவளே ஸ்விட்சைப் போட்டாள். கண் மலர்ந்தது. யாரோ பாடினார்கள். முக்கால் மணி நேரத்தில் குரல் கம்மி, கரகரத்து, அடங்கிவிட்டது.

ஒருவர் வந்து பார்த்தார். "வால்வு செத்துப் போச்சு" என்றார். புது வால்வு வந்தது. மூன்று மாதம் பாடியது. மறுபடியும் கம்மல். இன்னொருவர் வந்தார். அவரும் "வால்வு செத்துப் போச்சு" என்றார். மூன்றாவது வால்வும் போட்டாயிற்று. அது இரண்டு வாரத்திலேயே தீய்ந்த நாற்றம் காட்டத் தொடங்கியது. பெரியம்மா பயந்துபோய் ஸ்விட்சை அணைத்துவிட்டாள்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், பெரியம்மாவின் மகன், டெலிபோனில் தன் அபிப்பிராயத்தைச் சொன்னான்: "அம்மாவுக்கு அதைப் போடத் தெரியலைடா. கண்டபடி திருகுறா." அவனிடம் ஒரு யோசனையும் இருந்தது. உள்ளே இருக்கிறதை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு புளூடூத் சில்லை வைத்துவிட்டால் கைப்பேசிப் பாட்டு பெட்டி வழியாக வரும். பெட்டி அழகுக்கு இருக்கும். அம்மா எதையும் திருக வேண்டாம்.

பெரியம்மா அதற்குச் சம்மதித்துவிட்டாள் என்று கேட்டபோதுதான் எனக்குச் சங்கடமாகப் போயிற்று. நேரில் போய்க் கேட்டேன். பூத்தையல் உறையை நீவிக்கொண்டே சொன்னாள்: "அவர் கை பட்டவரைக்கும் அம்பது வருஷத்துக்கு மேல பாடுச்சு. நான் போட்டதும் மூணு தடவை செத்துது. எதுக்கு இன்னொரு தடவை? பிடுங்கிக்கிட்டுப் போகட்டும்."

அழவில்லை. காய்கறி விலை சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தையில் ரேடியோவைப் பற்றியது பாதிதான் என்று எனக்குத் தோன்றியது. கணவன் போன பிறகு தன் கை பட்டதெல்லாம் கெட்டுப்போகிறது என்று ஒரு கிழவி மனசுக்குள் ஒரு கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்கு தப்பு என்று வாயால் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. எல்லோரும்தான் சொல்லிப் பார்த்தோம்.

கும்பேசுவரர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் அந்த மெக்கானிக் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எழுபத்தெட்டு வயசு. கடையை மூடி வெகு நாளாகிறது. அவருடைய ஜாதியே இப்போது அருகிவிட்டது. சென்னையில் 1924ஆம் வருஷம் ஒரு ரேடியோ கிளப் ஒலிபரப்பத் தொடங்கியது. 1938 ஜூன் மாதம் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், மறு வருஷம் திருச்சி நிலையமும் பிறந்தன. அதற்குப் பிறகு ஊருக்கு ஊர், ஆஸ்பத்திரி இல்லாத இடத்திலும் ஒரு ரேடியோ மெக்கானிக் தோன்றினார். டிரான்சிஸ்டர் வந்ததும் பாதிப் பேர் போனார்கள். டெலிவிஷனோடு மீதிப் பேர் போனார்கள். இவர் எப்படியோ தங்கிவிட்டார்.

"வால்வு செட்டா? என்ன வால்வு மாத்தினாங்க?" என்று கேட்டார்.

நான் குறித்துக்கொண்டு போன பெயரைப் படித்தேன்: "இ.எல். 84."

"மூணும் அதேதானா?"

"மூன்றும் அதேதான்."

"அப்ப வால்வு மேல குத்தம் இல்லீங்க தம்பி. வால்வு ஊத்தினதைக் குடிக்கும். ஊத்திக் கொடுக்கிறது யாருன்னு பாக்கணும்" என்று எழுந்தார்.

மறுநாள் காலை வந்தபோது அவர் தோளில் தோல் வாரில் ஒரு கறுப்புப் பெட்டி தொங்கியது. கனமான செங்கல் ஒன்றை வெல்வெட்டுப் போல மழமழப்பாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதுதான் ஆவோ மீட்டர். எட்டாம் மாடல்.

இந்த ஆவோ என்ற பெயர் ஏதோ அயல்நாட்டுச் சீமாட்டியின் பெயரல்ல. ஆம்பியர், வோல்ட், ஓம் என்ற மூன்று சொற்களின் ஆங்கில முதலெழுத்துக்கள் அவை. பிரிட்டிஷ் தபால் இலாகாவில் எஞ்சினீயராக இருந்த டொனால்ட் மக்காடி என்பவர், ஒவ்வோர் அளவைக்கும் ஒவ்வொரு கருவியைச் சுமந்துகொண்டு அலைந்து அலுத்துப்போய், மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. எட்டாம் மாடல் 1951இல் பிறந்தது. சிறு சிறு மாறுதல்களோடு 2008 வரைக்கும் செய்துகொண்டே இருந்தார்கள். கைப்பேசியும் கம்ப்யூட்டரும் உலகத்தை ஆண்ட காலத்திலும் இந்தக் கறுப்புப் பெட்டி சளைக்காமல் தயாராகிக்கொண்டிருந்தது என்றால் அதில் ஏதோ சத்து இருக்கத்தானே வேண்டும்?

அதன் முகத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வில் போல வளைந்த அளவுகோடுகள். அவற்றின் அடியில் ஒரு கண்ணாடிப் பட்டை. முகம் பார்க்க அல்ல. முள்ளும் கண்ணாடியில் தெரிகிற முள்ளின் நிழலும் ஒன்றின் மேல் ஒன்று மறையும்படி தலையை வைத்துக்கொண்டு பார்த்தால்தான் படிப்பு சரியாக இருக்குமாம். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் எண் மாறித் தெரியும். இரண்டு பெரிய குமிழ்கள். இடப்பக்கம் நேர் மின்சாரம், வலப்பக்கம் மாறு மின்சாரம். அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் படக்கென்று ஒரு பொத்தான் எழும்பி வழியை அறுத்துவிடும்.

"இதுக்குள்ள ஒரு பதினஞ்சு வோல்ட் பாட்டரி போடணும். அது இப்ப கிடைக்கிறதில்லை. பெரிய ரெஸிஸ்டென்ஸ் பாக்கத்தான் அது. இல்லாமலே ஓட்டுறேன்" என்றார்.

"பாட்டரி இல்லாமல் முள் எப்படி நகரும்?"

"வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் பாட்டரி எதுக்குங்க? எதை அளக்கிறோமோ அதுவே முள்ளைத் தள்ளிக்கும்."

அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. காந்தத்தின் நடுவில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று தொங்குகிறது. அதில் மின்சாரம் ஓடினால் சுருள் திரும்புகிறது; அதோடு முள்ளும் திரும்புகிறது. அவ்வளவுதான். ஐம்பது மைக்ரோ ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரை இருபதாயிரம் பங்கு போட்டதில் ஒரு பங்கு, அந்த முள்ளைக் கடைசிக் கோடு வரைக்கும் தள்ளிவிடும்.

சொல்லப் போனால், வால்வு என்ற சாதனமே இப்படி ஒரு முள் நகர்ந்ததிலிருந்து பிறந்ததுதான். அமெரிக்காவில் எடிசன் தம்முடைய விளக்குக் குமிழ்களின் உட்புறம் கறுத்துப் போவதைக் கண்டு கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். குமிழுக்குள் தனியாக ஒரு தகட்டைச் செருகி, கம்பியால் வெளியே இழுத்து, அளக்கும் கருவியோடு சேர்த்துப் பார்த்தார். தகட்டை ஒரு பக்கம் இணைத்தால் முள் நகர்ந்தது. மறுபக்கம் இணைத்தால் அசையவில்லை. சுடரும் இழைக்கும் குளிர்ந்த தகட்டுக்கும் நடுவில் வெறும் சூனியம்! அந்தச் சூனியத்தைத் தாண்டி மின்சாரம் எப்படிப் போகிறது? 1883இல் நடந்தது இது. எலெக்ட்ரான் என்ற ஒன்று இருக்கிறது என்று இங்கிலாந்தில் தாம்சன் நிரூபித்தது 1897இல்தான். அதாவது, இன்னதென்று பெயர் தெரியாத ஒன்றை, பதினான்கு வருஷம் முன்னதாகவே ஒரு முள் கண்டு சொல்லிவிட்டது. 1904இல் பிளெமிங் இந்த ஒருவழிப் பாதையைக் கொண்டு முதல் வால்வைச் செய்தார். 1906இல் டி பாரஸ்ட் இடையே மூன்றாவதாக ஓர் அங்கத்தைச் சேர்க்கத் தொடங்கினார். அதுதான் கம்பிவலை போன்ற கிரிட்டாக உருவெடுத்தது. சின்னக் குரலைப் பெரிய குரலாக்கும் வித்தை அந்த வலையில்தான் இருக்கிறது.

மெக்கானிக் அதை வாய்க்கால் பாஷையிலேயே எனக்கு விளக்கினார். வால்வுக்குள் காதோடு என்ற குழாய் சூடேறி எலெக்ட்ரானை உமிழ்கிறது. பிளேட் என்ற தகடு அதை இழுக்கிறது. நடுவில் கிரிட் என்பது மதகுப் பலகை. காதோடைவிடக் கிரிட் சில வோல்ட் தாழ்ந்து, மைனஸில் இருக்கிறவரைக்கும் பலகை பாதி இறங்கி ஓட்டத்தை அடக்கி வைக்கும். பாட்டு என்பது அந்தப் பலகை மேலும் கீழும் ஆடுவதுதான். பலகை ஏதோ காரணத்தால் மேலேயே சிக்கிக்கொண்டால்? வெள்ளம்தான். பிளேட் சூட்டில் சிவந்து பழுத்துவிடும்.

அந்தப் பெயரிலேயே ஒரு ஜாதகம் அடங்கியிருக்கிறது என்றும் சொன்னார். முதல் எழுத்து இ என்றால் உள்ளே சூடேற்றும் கம்பிக்கு 6.3 வோல்ட். எல் என்றால் ஒலிபெருக்கியை ஓட்டுகிற வலுவான ஜாதி. எட்டு என்றால் ஒன்பது ஊசிக் கால் கொண்ட ஆசனம். நமக்கு ஒரு பெயரைப் பார்த்துக் கோத்திரம் சொல்லத் தெரிவது போல அவருக்கு இது.

பெட்டியின் முதுகைத் திறந்ததும் அவர் செய்த முதல் காரியம் ஸ்விட்சைப் போடுவதல்ல. பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பில்டர் கண்டென்சரில் தேங்கியிருந்த மின்சாரத்தை ஒரு ரெஸிஸ்டென்ஸ் வழியாக வடியவிட்டார். பிளக் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கி அடிக்கிற சக்தி தங்கியிருக்கும் என்றார். பிறகு இ.எல். 84இன் காதோடிலிருந்து தரைக்குப் போகும் ரெஸிஸ்டென்ஸைத் தேடிப் பிடித்து அளந்தார். பழுப்பு, பச்சை, பழுப்புக் கோடுகள். நூற்றைம்பது ஓம். முள்ளும் நூற்றைம்பதில் நின்றது.

"இது சரியா இருந்தாத்தான் மத்தக் கணக்கு சரியா வரும்" என்றார்.

ஓட்டத்தை அளக்க வழியை அறுக்க வேண்டும் என்று முன்பு சொன்னேன் அல்லவா? அறுக்காமல் அளக்க ஒரு குறுக்கு வழி இது. அளவு தெரிந்த ரெஸிஸ்டென்ஸ் ஒன்று ஏற்கனவே ஓட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதன் இரு முனைக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பார்த்து, ஓம் கணக்கால் வகுத்தால் ஓட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். படித்தவர்களுக்கு அது ஓம் விதி. அவருக்கு அது வாய்ப்பாடு.

ஸ்விட்சைப் போட்டார். போடும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இரண்டு கையும் ஒரே சமயத்தில் பெட்டிக்குள் இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும் என்பதற்காக அந்தப் பழக்கமாம். வலது கையில் மட்டும் மீட்டர் ஒயர். பச்சைக் கண் மலர்ந்தது. முள் எழுந்தது. ஐந்து, ஆறு, ஏழு. "இங்க நிக்கணும்" என்றார். நிற்கவில்லை. எட்டு, ஒன்பது, பத்து தாண்டிப் பத்தே முக்காலில் போய் நின்றது. உடனே அணைத்துவிட்டார்.

நாள்காட்டித் தாளின் பின்புறம் கணக்குப் போட்டார். 10.8ஐ 150ஆல் வகுத்தால் 0.072. எழுபத்திரண்டு மில்லி ஆம்பியர். "இந்த வால்வோட காதோடு தாங்குறது அறுபத்தஞ்சு. இந்த செட்டுல நியாயமா ஓட வேண்டியது நாப்பத்தெட்டு, அம்பதுக்குள்ள. ஒண்ணரை மடங்கு ஓடுது. எத்தனை வால்வு போட்டாலும் சாகும். இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா டிரான்ஸ்பார்மரே எரிஞ்சிருக்கும்."

வெள்ளம் வருகிறது என்பது தெரிந்துவிட்டது. மதகுப் பலகையைத் தூக்கி வைத்தது யார்? அடுத்தபடியாகக் கிரிட்டில் ஒயரை வைத்தார். தரைமட்டத்தில், பூஜ்யத்தில் இருக்க வேண்டிய இடம் அது. முள் இரண்டு வோல்ட்டுக்கு ஏறியது.

"ரெண்டுன்னு காட்டுது. நெசத்துல ஆறு இருக்கும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. காட்டுகிறது ஒன்று, நிஜம் வேறொன்று என்றால் இது என்ன அளவு?

அவர் பொறுமையாகச் சொன்னார். இந்த மீட்டர் முள்ளை நகர்த்த அளக்கப்படுகிற இடத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரத்தைக் குடிக்கிறது. பெரிய வாய்க்காலில் ஒரு செம்பு மொண்டால் தெரியாது. கிரிட்டில் இருப்பதோ சொட்டுச் சொட்டான கசிவு. அதில் ஒரு செம்பு மொண்டால் மட்டம் இறங்கிப் போகும். இருபத்தைந்து வோல்ட் அளவில் மீட்டருக்குள் ஐந்து லட்சம் ஓம். கிரிட்டிலிருந்து தரைக்கு இருக்கிற ரெஸிஸ்டென்ஸ் பத்து லட்சம் ஓம். இரண்டும் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. ஆகவே முள் மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டும். "புது டிஜிட்டல் மீட்டர்ல இந்தத் தகராறு இல்லீங்க. அது அவ்வளவு குடிக்காது. ஆனா அந்தக் காலத்துப் புஸ்தகத்துல இந்த இடத்துல இவ்வளவு வோல்ட்டுன்னு போட்டிருக்கிறதெல்லாம் இந்த மாதிரி மீட்டரை வெச்சுப் பாத்ததுதான். எந்த மீட்டர்னே எழுதியிருப்பாங்க. புதுசுல பாத்துட்டு, ஐயோ கூடுதலா இருக்கேன்னு நல்ல செட்டைக் கெடுத்தவங்க உண்டு. மீட்டர் எவ்வளவு பொய் சொல்லும்னு தெரிஞ்சிருந்தா அது பொய்யில்ல."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் இன்னும் அசை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு வீட்டு விவகாரத்தை விசாரிக்கப் போகிறவன் அங்கே கால் வைத்ததுமே அந்த வீடு கொஞ்சம் மாறிப்போய்விடுகிறது. கதாசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும், ஒப்புக்கொள்வதுதான் அபூர்வம். என் முன்னால் ஒருவர் காட்டுகிற துக்கம், நான் இல்லாதபோது இருக்கிற துக்கம் ஆகாது. அதில் என் பங்கைக் கழித்துக் கணக்குப் பார்க்கத் தெரிய வேண்டும். மெக்கானிக்குக்கு வாய்ப்பாடு இருக்கிறது. நமக்கு அப்படி ஒன்றும் இல்லை.

பிறகு அவர் வால்வையே ஆசனத்திலிருந்து கழற்றிவிட்டுக் கிரிட் முனையை மறுபடியும் அளந்தார். வால்வு குற்றவாளியானால் அது போனதும் கிரிட்டில் வோல்ட் மறைய வேண்டும். மறையவில்லை. அதே இரண்டு, ஒரு நூல் கூடுதலாகவே. ஆகவே வெளியிலிருந்து வருகிறது. வெளியிலிருந்து கிரிட்டுக்கு வருகிற வழி ஒன்றே ஒன்றுதான்: முந்தின வால்வின் பாட்டைக் கொண்டுவருகிற கண்டென்சர். ஆடுகிற மின்சாரத்தை விடும், நிற்கிற மின்சாரத்தைத் தடுக்கும். அதுதான் அதன் உத்தியோகம். மெழுகில் தோய்த்த காகிதச் சுருள் அது. வயசாகி, ஈரம் ஏறி, தடுக்க வேண்டியதையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது. கசிவு எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொன்னார். ஆறு மைக்ரோ ஆம்பியர். ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஆறு பங்கு. மூன்று வால்வுகளைக் கொன்றது அதுதான்.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்தப் பொருளை அவர் வெட்டி எடுத்துப் பெரியம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். அதுவரை அடுக்களை நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

"இதுதாங்கம்மா. நீங்க ஒரு தப்பும் பண்ணலை."

பெரியம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது எப்பக் கெட்டுது?"

"ஒரு நாள்ல கெடுறது இல்லீங்க. வருஷக் கணக்கா மெதுவாக் கசியும். கூடிக்கிட்டே வரும்."

"அப்போ அவர் இருக்கும்போதே?"

"இருந்திருக்கும். பெட்டி கொஞ்சம் சூடா இருந்திருக்கும். பழைய வால்வு தாக்குப் பிடிச்சிருக்கு. கடைசியில விட்டுருச்சு."

வெகு நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சாயங்காலத்துல அந்தப் பெட்டி மேல கை வெச்சுப் பாத்து, என்னடா இப்படிக் கொதிக்குதுன்னுவார்" என்றாள். அவள் குரலில் வேறு ஏதோ ஒன்று தளர்ந்து கொடுத்தது. "அவருக்கும் தெரியலை!" என்று சிரித்தேவிட்டாள்.

மெக்கானிக் அந்தக் கண்டென்சரை மாற்றினார். ஒரு காப்பி விலைகூட இராது. அதே வயசுள்ள மற்றக் காகிதக் கண்டென்சர்களையும், "இதுங்களும் அதே ஊர்ப் பிள்ளைங்கதான்" என்று சொல்லி மாற்றினார். மறுபடி காதோடை அளந்தபோது முள் ஏழு தாண்டிச் சற்றே ஏறி நின்றது. 7.2. வகுத்தால் நாற்பத்தெட்டு. நான் சும்மா இருந்திருக்கலாம். கதைக்காரன் புத்தி, "இது வகுத்துச் சொன்ன கணக்குத்தானே ஐயா? ஓட்டத்தை நேராகவே பார்க்க முடியாதா?" என்று கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சந்தோஷப்பட்டார் என்றே சொல்ல வேண்டும். மறுபடியும் பிளக்கைப் பிடுங்கி, தேங்கியதை வடித்து, பிளேட்டுக்குப் போகும் கம்பியை ஈயத்திலிருந்து விடுவித்து, அந்த இடைவெளியில் மீட்டரையே சேர்த்தார். குமிழை நூறு மில்லி ஆம்பியருக்குத் திருப்பினார். எப்போதும் பெரிய அளவிலிருந்துதான் இறங்க வேண்டுமாம். சின்ன அளவில் தொடங்கினால் முள் போய் முட்டிக்கொள்ளும். இப்போது மீட்டர் கரையில் இல்லை. ஓடுகிற நீர் முழுவதும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். இருநூற்று முப்பது வோல்ட்டுக்கு மேல் அதன் ஒயரில் நிற்கும், யாரும் தொடக் கூடாது என்று எங்களை ஓரடி தள்ளி நிற்கச் சொன்னார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். ஸ்விட்சைத் தாம் போடவில்லை. "அம்மா, நீங்க வந்து போடுங்க" என்றார்.

பெரியம்மா பின்வாங்கினாள். "நான் எதுக்கு? நீங்களே போடுங்க."

"செட்டு உங்களுது. முன்பக்கம் ஒண்ணும் இல்லீங்க. போடுங்க."

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குமிழைத் திருகினாள். டக்கென்ற சத்தம். அரை நிமிஷம் என்பது எவ்வளவு நீளமானது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முள் படுத்தபடியே கிடந்தது. பிறகு தூக்கம் கலைந்தது போல எழுந்தது. பத்து, இருபது, முப்பது. பெரியம்மாவுக்கு அந்த எண்களின் அர்த்தம் தெரியாது; ஆனால் முள் ஓடக் கூடாது, நிற்க வேண்டும் என்பது தெரிந்துபோயிருந்தது. நாற்பத்து மூன்றில் வந்து நின்றது. கண்ணாடிப் பட்டையில் முள்ளும் நிழலும் ஒன்றாக நின்றன. ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம், கால் மணி நேரம். அசையவில்லை.

"நாற்பத்தெட்டு என்றீர்களே?" என்று கேட்டேன்.

"காதோடுல கிளம்புறது நாப்பத்தெட்டு. பிளேட்டுக்குப் போறது நாப்பத்து மூணு. மீதி அஞ்சு நடுவுல இருக்கிற இன்னொரு வலையில இறங்கிக்கும். கணக்கு சரியா இருக்குங்க."

அமெரிக்காவில் ஒரு காலத்தில் மருந்துக் கடை வாசலிலே வால்வுப் பரிசோதனை யந்திரங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். வீட்டு ரேடியோவிலிருந்து வால்வைப் பிடுங்கிக்கொண்டு போய், அதில் செருகி, முள் பச்சையில் நிற்கிறதா சிவப்பில் நிற்கிறதா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஆவோக் கம்பெனியாரும் வால்வின் குணதோஷங்களை அளக்கப் பெட்டி பெட்டியாகக் கருவிகள் செய்தார்கள். கிரிட்டில் ஒரு வோல்ட் மாறினால் பிளேட்டில் எத்தனை மில்லி ஆம்பியர் மாறுகிறது என்று அவை காட்டும். உயர்ந்த கருவிகள்தான். ஆனால் அந்த மூன்று வால்வுகளை அவற்றில் செருகிப் பார்த்திருந்தாலும் கிடைத்திருக்கக்கூடிய தீர்ப்பு ஒன்றுதான்: வால்வு செத்துப் போச்சு. அது உண்மையும்கூட. செத்தவனைப் பரிசோதித்தால் செத்தான் என்றுதான் தெரியும். அவன் இருந்த வீட்டுக்குள் போய், அவன் இருந்த இடத்திலேயே வைத்து அளந்தால்தான் ஏன் செத்தான் என்பது தெரியும்.

கூலி என்று அவர் வாங்கிக்கொண்டது சொற்பம். கிளம்புவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் தேதியைப் போட்டு, "காதோடு 7.2 — பிளேட் 43" என்று எழுதி, பெட்டியின் முதுகுப் பலகையின் உட்புறம் ஒட்டினார். அங்கே ஏற்கனவே மங்கிப்போன இரண்டு சீட்டுகள் ஒட்டியிருந்தன. எழுத்துத் தெரியவில்லை. அடுத்து இதைத் திறக்கிறவனுக்கு, இன்ன தேதியில் இது இப்படி ஆரோக்கியமாக இருந்தது என்று தெரிய வேண்டுமாம். அடுத்து திறக்க யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் அது தெரியாமல் இருக்காது. இருந்தும் எழுதினார்.

அன்று ராத்திரி மத்திய அலையில் ஏதோ ஒரு நிலையம் அகப்பட்டது. இரைச்சலுக்கு நடுவே யாரோ நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார். அண்ணன் டெலிபோனில் கூப்பிட்டு, புளூடூத் சில்லை வாங்கியாயிற்று, அடுத்த மாதம் வரும்போது கொண்டுவருகிறேன் என்றான். நான் விஷயத்தைச் சொன்னேன். அவனுக்குத் திருப்தியில்லை. "அம்மா மறுபடியும் கண்டபடி திருகினால்?" என்றான்.

பெரியம்மா கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். "நாப்பத்து மூணுல நின்னுச்சுடா. நான்தான் போட்டேன்" என்றாள். அவனுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. "அப்போ இந்த புளூடூத்தை என்னம்மா செய்யறது?" என்று கேட்டிருக்கிறான்.

"எந்தப் பல்லோ, அதை நீயே கட்டிக்க!" என்று சொல்லிவிட்டு, நாகஸ்வரத்தைச் சற்றுப் பெரிதாக்கப் போனாள்.